ஏழெழுத்துப் பெயரும் என் விடுமுறையும்

விடுமுறை என்றதும் நம்மில் பலருக்கும் ஊர் நினைவு வரும். அம்மாவின் சமையல், மதியத் தூக்கம், பழைய தோழிகளோடு மாமாக் கடையில் ஒரு தே தாரிக். பல்கலைக்கழகத்தில் இருந்த நாள்களில் எனக்கும் அப்படித்தான். ஆனால் 2024-ஆம் ஆண்டு, கடைசிப் பருவத் தேர்வு முடிந்து பெட்டி படுக்கையோடு தெலுக் இந்தானுக்குப் பேருந்து ஏறியபோது மனத்தில் மகிழ்ச்சியைவிடக் கணக்குதான் அதிகம் ஓடியது. முந்தைய விடுமுறைகளின் முடிவில் விடுதி அறை காத்திருந்தது. இந்த விடுமுறையின் முடிவில் ஒரு வேலை காத்திருக்க வேண்டும். காத்திருக்காவிட்டால் அதற்கு விடுமுறை என்று பெயரில்லை. வேலையின்மை என்று பெயர்.

வீட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். அம்மா கோயில் அருகிலுள்ள ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறார். தம்பி அப்போது ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். தேர்வுக்கான துணைப்பாட வகுப்புக் கட்டணம் மாதந்தோறும் போய்க்கொண்டிருந்தது. என் பெயரில் பி.டி.பி.டி.என். கடன் வேறு. அப்பா ஒரு நாளும் "எப்போது வேலைக்குப் போகப் போகிறாய்?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். விடியற்காலை ஐந்து மணிக்குச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போவார். அந்தச் சத்தமின்மைதான் எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

முதல் ஐந்து வாரங்களில் நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் அனுப்பினேன். நான் படித்தது வணிக நிருவாகம். ஆகவே நிருவாகம், விற்பனை, வாடிக்கையாளர் சேவை, கிடங்குக் கணக்கு என்று எதையும் விடவில்லை. பதில் வந்தவை ஆறு. அவற்றில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தவை இரண்டே இரண்டு. முதலாவதில் ஐந்து நிமிடத்தில் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது கோலாலம்பூரில். விடியும் முன்பே பேருந்து ஏறிப் போனேன். என் சான்றிதழ்களைப் பொறுமையாகப் புரட்டிய அந்த அம்மையார் கடைசியில் ஒன்று கேட்டார்: "நீங்கள் படித்தது தெரிகிறது. நீங்களாகச் செய்தது ஏதாவது இருந்தால் காட்டுங்கள்."

காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. குழுப்பணியில் செய்த படவில்லைகளைக் காட்டுவதா? அவற்றில் பாதியைத் தோழிகள் செய்தார்கள். திரும்பி வரும் பேருந்தில் அந்தக் கேள்வியே காதில் ஒலித்தது. கோபமில்லை, வெட்கமாக இருந்தது. மூன்றாண்டுப் படிப்பில் நானாகச் செய்த ஒரு பொருளும் இல்லையா?

அன்றிரவே தம்பியின் பழைய மடிக்கணினியை வாங்கிக்கொண்டேன். அதன் மின்கலம் செத்து நெடுநாளாயிற்று. மின்கம்பியைக் கழற்றினால் உடனே அணைந்துவிடும். அதனால் சாமியறைக்கு அருகிலிருந்த மின்செருகி பக்கத்திலேயே என் வகுப்பறை அமைந்தது. அகப்பக்கம் செய்யக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அதற்குப் பணம் தேவையில்லை. பாடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செய்து முடித்தால் முகவரியைத் தந்து "இதோ பாருங்கள்" என்று காட்டலாம். அவ்வளவுதான்.

தம்பி சிரித்தான். "அக்கா, இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அதுவே எழுதிக் கொடுத்துவிடுமே. நீ எதற்கு மண்டையை உடைத்துக்கொள்கிறாய்?" என்றான். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் முதல் பாடத்தைத் திறந்தேன்.

இத்துறையைப் பற்றி அறியாத தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகப்பக்கத்திற்கு மூன்று மொழிகள் வேண்டும். எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று கட்டமைப்பைச் சொல்வது எச்.டி.எம்.எல். செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்மொழிந்த உலகளாவிய வலையோடு பிறந்தது அது. நிறம், அளவு, இடைவெளி என்று ஒப்பனையைப் பார்த்துக்கொள்வது சி.எஸ்.எஸ். அதை 1994-இல் முன்மொழிந்தவர் ஹோக்கன் வியும் லீ. பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார் என்று படித்தபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் பத்து நாளில் உருவாக்கியதில் ஒரு பகுதியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

எங்கள் ஊரில் சாய்ந்த கோபுரம் ஒன்று உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1885-இல் தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டப்பட்டு, மென்மையான நிலத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. என் முதல் பக்கமும் அப்படித்தான் நின்றது. படம் ஒரு பக்கம் இழுக்க, எழுத்து மறுபக்கம் ஓட, கைப்பேசியில் திறந்தால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே. எட்டிப் பார்த்த அப்பா, "பரவாயில்லம்மா, நம்ம ஊர்ல சாஞ்சு நிக்கிறதுக்குத்தானே மதிப்பு" என்றார். அந்த விடுமுறையில் அவர் அடித்த முதல் நகைச்சுவை அது.

மூன்றாம் வாரத்தில் அம்மாவே எனக்கு ஒரு வேலை கொண்டுவந்தார். சம்பளமில்லாத வேலைதான். அவர் பணிபுரியும் பூக்கடைக்காரரை நாங்கள் மாமா என்றுதான் அழைப்போம். மாலையோடு மேடை அலங்காரமும் செய்வார். திருமணம், பிறந்தநாள், பிரியாவிடை நிகழ்ச்சி எதுவானாலும் வெள்ளை நுரைப் பலகையில் பெயரை எழுத்தெழுத்தாக வெட்டி, சுற்றிலும் பூ வைத்துக் கொடுப்பார். கூலியும் எழுத்துக் கணக்குதான். ஓர் எழுத்துக்கு நான்கு வெள்ளி. தொலைபேசியில் பெயர் சொல்பவர்கள் ஒன்று சொல்ல, மாமா வேறொன்று எழுதிக்கொள்ள, அடிக்கடி தகராறு. "வாடிக்கையாளரே பெயரைத் தட்டி அனுப்புற மாதிரி ஏதாவது செய்ய முடியுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

செய்தேன். பத்து நாள்கள் இரவு பகலாக உட்கார்ந்து செய்தேன். கடையின் படங்கள், மாலை வகைகள், கீழே ஒரு படிவம். பெயரைத் தட்டினால் எத்தனை எழுத்து, எவ்வளவு வெள்ளி என்று உடனே காட்டும். "அனுப்பு" என்று அழுத்தினால் வாட்ஸ்அப் திறந்து, விவரமெல்லாம் செய்தியாக மாமாவின் எண்ணுக்குப் போகும். ஒரு பலகையில் பன்னிரண்டு எழுத்துக்குமேல் நிற்காது என்று மாமா சொல்லியிருந்தார். அதனால் பன்னிரண்டைத் தாண்டினால் மிச்சத்தை வெட்டிவிடும்படி ஒரு வரி எழுதினேன். இலவச வழங்கியில் ஏற்றி, முகவரியைக் கடையில் ஒட்டினோம். மாமா அதைத் தம் கைப்பேசியில் திறந்து கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். அம்மா மாலை கட்டியபடியே, "எம்பொண்ணு செஞ்சது" என்று சொன்னதை நான் மறைவாக நின்று கேட்டேன். பட்டம் வாங்கிய செய்தி வந்த நாளில்கூட அப்படி மகிழ்ந்ததில்லை.

இரண்டு வாரங்களில் பதினான்கு பெயர்கள் வந்தன. பதினைந்தாவதாக வந்ததுதான் வினையாயிற்று.

ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருவருக்குப் பணி ஓய்வு விழா. அவருடைய உண்மைப் பெயரை இங்கே எழுதவில்லை. தமிழ்ச்செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி எழுத்தர் படிவத்தில் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டார். மாமாவின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்ததோ "தமிழ்ச்செல்வ" என்று. கடைசியில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று மாமாவுக்குப் புரிந்தது. எது விடுபட்டது என்பதை அவரே முடிவுசெய்துகொண்டார். விழாவுக்கு முந்தைய மாலை பலகையை எடுத்துச் செல்ல வந்த எழுத்தர், ரோஜாப் பூக்களுக்கு நடுவே கம்பீரமாக நின்ற "தமிழ்ச்செல்வன்" என்ற பெயரைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

அம்மா தொலைபேசியில் அழைத்தபோது குரலே சரியில்லை. நான் ஓடினேன். மாமா ஒன்றும் திட்டவில்லை. "நானும் கேட்டிருக்கணும்மா. கம்ப்யூட்டர்ல வந்ததாச்சேன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு "வ", "ன்" இரண்டையும் பெயர்த்தெடுத்து "வி" ஒன்றை வெட்டத் தொடங்கினார். நானும் அம்மாவும் சுற்றியிருந்த பூக்களைக் கழற்றித் திரும்பக் கட்டினோம். வேலை முடிய இரவு பத்தரை ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். தமிழ்ச்செல்வி: த, மி, ழ், ச், செ, ல், வி. விரல்விட்டு எண்ணினேன். ஏழெழுத்து. பன்னிரண்டைத் தாண்டவே இல்லையே, பிறகு ஏன் வெட்டியது? கணினியிடமே அந்தப் பெயரின் நீளத்தைக் கேட்டேன். பதின்மூன்று என்றது.

விடியும்வரை படித்துத்தான் காரணம் விளங்கியது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில், 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலிருந்தே தமிழ் இருக்கிறது. ஆனால் நம்முடைய 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் அங்கே இல்லை. உயிரெழுத்துகளுக்கும், அகரமேறிய க, ங, ச போன்றவற்றுக்கும், கொம்பு, கால், சுழி முதலிய குறிகளுக்கும், புள்ளிக்கும் எண்கள் உண்டு. "மி" என்பது கணினிக்கு ம-வும் விசிறியும் சேர்ந்த இரண்டு. "ழ்" என்பது ழ-வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. தமிழ்ச்செல்வியில் முதலில் நிற்கும் த மட்டும் ஒன்று; மற்ற ஆறும் இரண்டிரண்டு. ஆக மொத்தம் பதின்மூன்று. பன்னிரண்டோடு வெட்டியதும் கடைசி விசிறி விழுந்து "வி" என்பது "வ" ஆகிவிட்டது.

இதில் இன்னொன்றும் கவனித்தேன். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்று தமிழ்ப்பள்ளியில் படித்தோம். யூனிகோடில் நேர்மாறு. அகரமேறிய எழுத்தே அடிப்படை. புள்ளி வந்து அகரத்தை நீக்க வேண்டும். அதனால் ஒரு மாத்திரை ஒலிக்கும் "க" ஓரிடம் பிடிக்க, அரை மாத்திரையே ஒலிக்கும் "க்" இரண்டு இடம் பிடிக்கிறது. இலக்கண வகுப்பில் மாத்திரைக் கணக்கை அரைத்தூக்கத்தில் கேட்ட எனக்கு அது நள்ளிரவில் நினைவுக்கு வரும் என்று யார் நினைத்தார்கள்?

அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. பெயரை வெட்டிய அதே எண்ணிக்கைதான் கூலியையும் கணக்கிட்டிருந்தது. ஏழெழுத்துக்கு 28 வெள்ளி வாங்க வேண்டிய இடத்தில், பன்னிரண்டுக்கு 48 வெள்ளி காட்டியிருக்கிறது. அப்படியானால் முன்பு வந்த பெயர்கள்? நெஞ்சு படபடக்க ஒவ்வொன்றாக எண்ணினேன். ஆங்கில எழுத்தில் வந்தவை எல்லாம் சரி. தமிழில் வந்த ஒன்பது பெயர்களுக்கும், ஆசிரியையின் பெயர் உட்பட, கூடுதலாக வாங்கியிருந்தோம். மொத்தம் 34 எழுத்து, 136 வெள்ளி. ஒருவரும் கேட்கவில்லை. மாமாவும் எண்ணிப் பார்க்கவில்லை. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

ஏன் எனக்கு இது முன்பே தெரியவில்லை? இதைத் தமிழ்ப் பேரவையின் ஆண்டிதழில் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பக்கத்தைச் சோதித்தபோது நான் தட்டிய பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில். நான் படித்த பாடங்களில் எடுத்துக்காட்டுகள் அப்படித்தான் இருந்தன. விரைவாகத் தட்ட வருவதும் அதுதான். தமிழ்ப் பெயர்களுக்காகவே செய்த ஒரு படிவத்தில், தமிழில் ஒரு பெயரைக்கூடத் தட்டிப் பார்க்காமல் ஊருக்குத் திறந்துவிட்டேன்.

பொழுது விடிந்ததும் மாமாவிடம் போனேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. பாதி வழியில் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தக் கடையில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது பெயர்களையும் எழுதிய தாளை நீட்டி, "என் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடுகிறேன், மாமா" என்றேன். அவர் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "காசு என் கல்லாவுலதானே இருக்கு? அங்கேருந்துதான் போகணும். நீ போன் போட்டு ஒவ்வொருத்தருக்கும் சொல்லு" என்றார். காசைத் திருப்பிக் கொடுப்பது எளிது. தொலைபேசியில் சொல்வதுதான் கடினம். ஒன்பது பேரையும் அழைத்தேன். இருவர் சிரித்தார்கள். ஒருவர் வேண்டாம் என்றார். ஒரு பாட்டி மட்டும், "எட்டு வெள்ளிக்காகவா கூப்பிட்ட? நல்லாரு தாயி" என்றார். அதைக் கேட்ட பிறகு அடுத்தவரை அழைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

பிழையைத் திருத்துவது அவ்வளவு கடினமாக இல்லை. மனிதர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எண்ணும் "செக்மென்டர்" என்னும் கருவி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. அதை வைத்து எண்ணினால் தமிழ்ச்செல்வி ஏழுதான். பன்னிரண்டைத் தாண்டும் பெயரையும் இப்போது வெட்டுவதில்லை. "இரண்டு பலகை வேண்டும், கடையில் பேசுங்கள்" என்று சொல்லும். பெயரை வெட்டும் உரிமையை எனக்கு யார் கொடுத்தார்கள் என்று அன்றுதான் கேட்டுக்கொண்டேன்.

பிறகு நம் முன்னோடிகளைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருக்கிறார். 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியிருக்கிறார். 2001-இல் அத்தகைய மாநாடு நம் கோலாலம்பூரிலும் நடந்திருக்கிறது. கைப்பேசியில் நாம் இன்று அலட்சியமாகத் தட்டும் ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் இவர்களைப் போன்றோரின் உழைப்பு இருக்கிறது. அவர்கள் எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அதை எண்ணத் தெரியாமல் நான் வெட்டியிருக்கிறேன்.

அதற்கடுத்த மாதம் ஈப்போவில் ஒரு சிறிய நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. செய்த ஒன்றைக் காட்டச் சொன்னார்கள். இம்முறை காட்டுவதற்கு இருந்தது. பக்கம் அழகாகத்தான் திறந்தது. எதிரே இருந்த சீன அன்பர், "இதில் கடினமாக இருந்தது எது?" என்று கேட்டார். நிறத்தையும் படத்தையும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் தாள் ஒன்று கேட்டு வாங்கி, அந்தப் பெயரை எழுதி, ஏழு எப்படிப் பதின்மூன்று ஆயிற்று என்று விளக்கினேன். 136 வெள்ளியையும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அடுத்த முறை ஒன்று செய்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்றார். "பயன்படுத்தப்போகிறவர்களின் பெயரை, அவர்கள் எழுதுகிற மாதிரியே தட்டிப் பார்ப்பேன்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஆறு மாதப் பயிற்சிப் பணிக்கு அழைப்பு வந்தது. அந்தப் பதிலால்தான் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டிருக்கலாம். சம்பளம் பெரிதில்லை. அப்பாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பும்போது கதவைச் சத்தமாகவே சாத்திவிட்டுப் போனார்.

தம்பியின் கேள்விக்கும் பிறகு பதில் சொன்னேன். இயந்திரம் எழுதிக் கொடுக்கும். நானும் இப்போது அதன் உதவியைப் பெறுகிறேன். ஆனால் அது எழுதியது சரியா என்று பார்க்க ஒருவர் வேண்டும். தமிழ்ச்செல்விக்கு ஏழெழுத்து என்பதை அறிந்த, அதைத் தட்டிப் பார்க்க நினைக்கிற ஒருவர். அந்த ஒருவராக இருப்பதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் இப்படியொரு விடுமுறை வரும். விண்ணப்பங்களுக்குப் பதில் வராது. அந்த நாள்களில் ஏதாவது ஒன்றைக் கையால் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். அகப்பக்கம்தான் என்றில்லை. செய்ததைத் தெரிந்தவர் ஒருவருக்குப் பயன்படும்படி கொடுத்துப் பாருங்கள். தவறு வரும். வந்தால் ஒளிக்காதீர்கள்.

நான் ஈப்போவுக்குக் கிளம்பிய நாளில் மாமா ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால், அன்றிரவு பெயர்த்தெடுத்த நுரை எழுத்து. "ன்". ஓரத்தில் ஒரு ரோஜா இதழின் கறைகூட இருந்தது. இப்போது அது அலுவலகத்தில் என் மேசைமேல் நிற்கிறது. பார்ப்பவர்கள் அது என்ன எழுத்து என்று கேட்பார்கள். "எத்தனை எழுத்து?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒன்று என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி.